சனி, ஞாயிறில் சென்னை: ஆச்சியோடும் பையன்களோடும்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறீர்கள். சனி, ஞாயிறு சென்னை. ஞாயிறு இரவு அதே வண்டியில் ஊர் திரும்புகிறீர்கள். கூட வருவது மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பையன்கள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா. பட்டியலில் மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், கபாலீசுவரர், பார்த்தசாரதி, எழும்பூர் மியூசியம், தி.நகர், ஒரு மால், மெட்ரோ ரயில். எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வரிசையில் போனாலும் முடியாது. எதை விட்டால் ஆச்சிக்கும் பேரன்களுக்கும் மனக்குறை வராது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சென்னைக்கு வருகிறவர்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். எங்கே எத்தனை படி, எங்கே நிழல், எந்த வாசல் எப்போது திறக்கும் என்பதை நம்பிக்கையோடு சொல்ல முடியும். கட்டணம், கார் வாடகை, லாட்ஜ் வாடகை எல்லாம் மாதத்துக்கு ஒரு மாதிரி இருக்கும், அவற்றை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கால் விஷயத்தில் உங்கள் மருத்துவர் எவ்வளவு நடக்கலாம் என்கிறாரோ அதுவே கணக்கு.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை ஏழு வாக்கில் வந்து இறங்கி மறுநாள் இரவு கிளம்புகிறீர்கள் என்றால் ஒன்றரை நாளுக்கு மேல் கையில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்த ஊரில் பகல் 12 முதல் 4 வரை வெளியே ஒன்றும் நடக்காது. கோயில்களில் நடை சாத்தியிருக்கும். செப்டம்பர் கடைசியிலும் வெயில் தணிந்திருக்காது, கடற்காற்று வந்தாலும் புழுக்கம் போகாது. ஆக உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு காலை, இரண்டு மாலை. நான்கே நான்கு வேளை. ஒரு வேளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஒரே வேளையில் இரண்டு பகுதியைத் திணித்தால் சாலையில்தான் நேரம் போகும்.

அப்படிப் பார்த்தால் வண்டலூரை விட்டுவிட வேண்டும். பையன்கள் முகம் வாடும், தெரியும். ஆனால் அந்தப் பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. பேட்டரி வண்டியில் போனாலும் அரை நாளுக்குக் குறையாது. இன்னொரு முறை சென்னைக்கு பஸ்ஸில் வருவீர்களானால் தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நிற்கும் கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வண்டலூர் இருக்கிறது, அப்போது அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. பையன்களுக்கு இந்த முறை வேறு ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். மாலுக்கும் போக வேண்டாம், எல்லா ஊர் மாலும் ஒன்றுதான். தி.நகரையும் விடச் சொல்வேன். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் ரங்கநாதன் தெருவில் முழங்கால் வலியோடு ஒருவரை அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் கொடுமை. மனைவிக்கும் அம்மாவுக்கும் வாங்க வேண்டியதை மயிலாப்பூர் மாடவீதியிலேயே வாங்கலாம்.

தங்க எழும்பூரே போதும். ரயில் நிலையம், மெட்ரோ, மியூசியம் மூன்றும் பக்கம். லாட்ஜுக்கு போன் செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, லிஃப்ட் இருக்கிறதா, அது தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா. சில பழைய கட்டடங்களில் ஏழெட்டுப் படி ஏறின பிறகுதான் லிஃப்ட் வரும். இரண்டாவது, அறை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா. 12 மணிக் கணக்கு என்றால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் ஐந்து மணி நேரம் வரவேற்பறையில் உட்கார வேண்டிவரும், இல்லையென்றால் கூடுதல் நாள் வாடகை கேட்பார்கள். 24 மணிக் கணக்கில் அறை ஞாயிறு காலை ஏழு மணிக்கே முடிந்துவிடும். அந்த இரண்டாம் நாள் வாடகையை மிச்சம் பிடிக்காதீர்கள். ஞாயிறு மதியம் அம்மாவுக்குக் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும், அது இல்லையென்றால் அன்று மாலை முழுவதும் வீண். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில காலங்களில் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை மியூசியம். ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. 1851-இல் தொடங்கிய இடம், வளாகத்துக்குள் தனித்தனிக் கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் படி உண்டு. எல்லாவற்றையும் ஏறி இறங்க வேண்டியதில்லை. திருநெல்வேலிக்காரர்கள் முதலில் போக வேண்டியது ஆதிச்சநல்லூர் பொருட்கள் இருக்கும் பகுதிக்கு. நுழைவுச்சீட்டு கொடுப்பவரிடமே அது எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூர் மேட்டு நிலத்தைத் தோண்டினார். அவர் எடுத்தவற்றில் பெரும்பகுதி இங்கேதான் வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னால், 1876-இல், யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. வெண்கலக் கிண்ணங்களின் மூடிகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மூடியின் குமிழில் சின்னச் சின்ன விலங்கும் பறவையும் உட்கார்ந்திருக்கும். தாமிரபரணிக் கரையில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், இறந்தவரோடு தாழியில் வைத்துப் புதைத்த பொருட்கள் இவை. பையன்கள் ஆதிச்சநல்லூரில் இப்போது அமைத்திருக்கும் தள அருங்காட்சியகத்தைப் பார்த்திருந்தால் இரண்டையும் தாங்களாகவே சேர்த்துப் புரிந்துகொள்வார்கள்.

அடுத்து வெண்கலச் சிலைக் கூடம். அங்கே எல்லாச் சிலைக்கும் முன்னால் நிற்காதீர்கள். இரண்டு போதும். ஒன்று திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இதன் புகைப்படங்களைப் பார்த்து வியந்து எழுதினார். இன்னொன்று திருவெண்காட்டு அர்த்தநாரி. சிறியவனிடம் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரு கை, மொத்தம் மூன்று. இது ஏன் கோணலாகத் தெரியவில்லை என்று பெரியவனிடம் கேளுங்கள். இடுப்பு ஒரு பக்கம் வளைந்து கொடுப்பதை அவனே கண்டுபிடிப்பான். என்னோடு வந்த குழந்தைகள் மற்ற எதை மறந்தாலும் இந்த மூன்று கையை மறப்பதில்லை. விலங்கியல் பகுதியில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது, அதையும் காட்டிவிட்டால் சிறியவனுக்குத் திருப்தி. பன்னிரண்டுக்கு முன்னால் வெளியே வந்து, சாப்பிட்டு, அறைக்குப் போய்த் தூங்குங்கள்.

மாலை மயிலாப்பூர். இங்கே நாட்காட்டி ஒன்றைப் பார்க்க வேண்டும். காலாண்டு விடுமுறை என்றால் புரட்டாசி. புரட்டாசிச் சனிக்கிழமை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பக்கம் போனால் வரிசை தெருவில் நிற்கும், அம்மாவால் அது முடியாது. அதனால்தான் சனி மாலை கபாலி, ஞாயிறு மாலை பார்த்தசாரதி என்று பிரித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வரும் சனிக்கிழமை சனிப் பிரதோஷமாக இருந்தால் கதை மாறும். அன்று நாலரை முதல் ஆறரை வரை கபாலி கோயிலுக்குள் நிற்க இடம் இருக்காது. அப்படி அமைந்தால் முதலில் மாடவீதியைச் சுற்றுங்கள், ஏழு மணிக்கு மேல் உள்ளே போங்கள். சாதாரணச் சனி என்றால் நாலரைக்குப் போவது நல்லது. நாலு மணிக்கே நடை திறந்தாலும் பிரகாரக் கல் சூடு ஆறியிருக்காது, வெறுங்காலில் நடக்க முடியாது.

வண்டியை ஆப்பில் பிடியுங்கள், ஐந்து பேருக்கு ஒரு காராகவே பிடிப்பது நல்லது. பறக்கும் ரயிலில் திருமயிலை போகலாம் என்று யாராவது சொல்வார்கள். நிலையங்கள் உயரத்தில் இருப்பவை, படிகள் நிறைய, அம்மாவுக்கு ஆகாது. லஸ், கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக வழியை மாற்றி மாற்றி விடுகிறார்கள். அதனால் கோயில் வாசலிலேயே இறங்குவோம் என்று எதிர்பார்க்காமல் கொஞ்சம் நடக்கத் தயாராக இருங்கள்.

கிழக்கே பெரிய கோபுரம், படம் எடுக்க அதுதான் அழகு. ஆனால் சுவாமி மேற்குப் பார்த்தவர், குளமும் மேற்கே. தரிசனத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனால் நேரே சன்னிதி. அம்பாள் மயில் உருவில் பூசித்த புன்னைமரத்தடிச் சன்னிதியையும் பூம்பாவை சன்னிதியையும் பார்க்காமல் வராதீர்கள். பையன்களிடம் கோயில் ஈராயிரம் வருடப் பழமை என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் இங்கே இருந்தது உறுதி, மாதாமாதம் நடந்த விழாக்களை அவர் பதிகமே வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பழைய கோயில் கடற்கரை ஓரமாக இருந்து போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது, இப்போது நாம் கும்பிடுவது அதற்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து, சாந்தோம் பக்கம் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்குத் துணை. பழைய கோயில் சரியாக எந்த மண்ணில் நின்றது என்பதில்தான் இன்னும் பேச்சு ஓயவில்லை.

நவராத்திரி நெருங்கும் சமயம் என்றால் வடக்கு மாடவீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடை. நடைபாதையில் சாக்கை விரித்து, வைக்கோலில் பொதிந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்குவார்கள். தசாவதாரம் ஒரு செட், கல்யாண ஊர்வலம் ஒரு செட், பக்கத்திலேயே கிரிக்கெட் செட். உங்கள் அம்மா கொலு வைக்கிறவராக இருந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போகும், போகட்டும். விலையைக் கேட்டதும் கொடுத்துவிடாமல் பேசி வாங்குங்கள். ரயிலில் கொண்டுபோகும்போது பெரிய பொம்மையின் கழுத்துப் பக்கம் துணி சுற்றச் சொல்லுங்கள், உடைவது அங்கேதான். மாடவீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க், இரவுக்குக் கற்பகாம்பாள் மெஸ்ஸில் டிபன். சனி இரவு மெரினாவையும் பார்த்துவிடலாமே, இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வேண்டாம். ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்தாக வேண்டும், ஏனென்றால் மறுநாள் ஐந்தரைக்குக் கார்.

ஞாயிறு காலை மாமல்லபுரம். இதைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் திடமான எண்ணம். ஆனால் விடியற்காலையில் போனால்தான் இது சரிவரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு அங்கே இருக்கலாம். பத்து மணிக்குக் கிளம்பினால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து அம்மாவை உட்கார வைத்துவிடும். ஞாயிறு மாலை நான்குக்கு மேல் திரும்பினால் சென்னையை நோக்கி வண்டிகள் நெருக்கி நிற்கும், ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்த வம்புக்குப் போகக் கூடாது. காரை முன்தினமே பேசும்போது, நகரப் பயணக் கணக்கா, வெளியூர்க் கணக்கா என்று கேளுங்கள். போய்வர 120 கி.மீ. சுற்றித்தான் வரும், ஆனால் வெளியூர்க் கணக்கில் பலர் ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று போடுவார்கள். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

நினைவுச் சின்னங்கள் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம், இதுதான் நான் அறிந்த கட்டணம், மாறியிருந்தால் சிறு வித்தியாசம்தான் இருக்கும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு, முதல் இடத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் கடற்கரைக் கோயில். அங்கே நிழலே கிடையாது, வாசலிலிருந்து நடை கொஞ்சம் அதிகம், ஆனால் சமதளம். பிறகு ஐந்து ரதம். ஒவ்வொன்றும் ஒரே பாறையிலிருந்து செதுக்கியது, பாதியில் நின்ற இடங்கள் அப்படியே தெரியும். எப்படிச் செதுக்கினார்கள் என்பதை முடிந்த பகுதியை விட முடியாத பகுதிதான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். அங்கே உள்ள கல் யானையோடு படம் எடுக்கப் பையன்கள் கேட்காமலே ஓடுவார்கள்.

கடைசியில் அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பம். தெருவோரத்திலேயே இருக்கிறது, சீட்டு இல்லை, படி இல்லை. அம்மாவை எதிரில் உட்கார வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். கிழக்குப் பார்த்த பாறை, காலை வெளிச்சம் நேராக விழும். யானையின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே முனிவர் நிற்கிற அதே நிலையில் பூனையும் நிற்பதைப் பெரியவன் கவனித்தால் அவனைப் பாராட்டுங்கள். அது அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்பதில் அறிஞர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சி. நடுவே உள்ள பிளவையும் அதில் நாகர்கள் ஏறிவருவதையும் பார்க்கும்போது எனக்குப் பகீரதன் பக்கமே மனம் சாய்கிறது, ஆனால் அது என் கருத்து. அந்தப் பாறைக்குப் பின்னால் வெண்ணெய் உருண்டை என்ற பெரிய உருண்டைக் கல், அங்கே பையன்களைக் கால் மணி நேரம் சறுக்க விடுங்கள்.

வண்டலூருக்குப் பதிலாக ஒன்று இருக்கிறது என்றேனே, அது திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கியது. நிழலும் சமதளமும் உண்டு, ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். குளத்தோரம் நூற்றுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்த்தபின் சிறியவன் வண்டலூரைப் பற்றிப் பேசமாட்டான். பதினொன்றரைக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு அறை. சாப்பாடு, தூக்கம்.

ஞாயிறு மாலைக்குத் திருவல்லிக்கேணியும் மெரினாவும் சேர்ந்து ஒரே பகுதி. சாமான்களை அறையிலேயே வைத்துவிட்டு நான்கு மணிக்குப் பார்த்தசாரதி. மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு, அதை அம்மா நின்று பார்க்க வேண்டும். பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருப்பதால் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் கோயில் இருந்தது சந்தேகமில்லை. வரிசை நீளமாக இருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் கடற்கரைக்குப் போய்விடுங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியே அலை பக்கம் வரை போகும். மணலில் கால் புதைந்து நடக்க முடியாத உங்கள் அம்மாவுக்கு அந்தப் பாதை பெரிய உதவி. திருச்செந்தூர்க் கடலில் விளையாடிய பையன்களுக்கு இங்கேயும் இறங்கத் தோன்றும். முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். மெரினாவில் அலை உள்ளே இழுக்கும், வருடந்தோறும் இங்கே உயிர்கள் போகின்றன. இது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. சுண்டல், மாங்காய் பத்தை, ஆறேகாலுக்கு எழுந்துவிடுங்கள். அறையில் சாமானை எடுத்து ஏழரைக்குள் நிலையம். காந்தி இர்வின் சாலை வாசலா, பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலா, எது உங்கள் நடைமேடைக்குப் பக்கம் என்று முன்பே கேட்டுக்கொண்டால் அம்மா மேம்பாலம் ஏற வேண்டியிருக்காது.

மெட்ரோ பாக்கி. அதற்குத் தனி வேளை வேண்டாம். சனி மதியம் பையன்கள் தூங்க மறுத்தால் நீங்கள் மட்டும் அவர்களை எழும்பூரிலிருந்து ஏற்றி ஆலந்தூர் வரை போய் வாருங்கள். பாதாளத்திலிருந்து வண்டி மேலே ஏறிவரும் இடம் அவர்களுக்குப் பிடிக்கும். இந்தப் பருவத்தில் சாயங்காலம் திடீரென்று இடிமழை வரலாம், வடகிழக்குப் பருவமழை அல்ல, ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். சனி மாலை வந்தால் மாடவீதியில் ஏதாவது கடைக்குள் ஒதுங்குங்கள். ஞாயிறு மாலை வந்தால் கோயிலோடு நிறுத்திக்கொண்டு, அறையில் சாமானை எடுத்து நேரே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

லாட்ஜுக்கும் காருக்கும் இந்த வாரமே போன் செய்துவிடுங்கள். காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் ஒன்றாக வந்தால் இரண்டும் கடைசி நேரத்தில் கிடைக்காது.